கால் ஊன்றும் மேடையா, மிதக்கும் மேடையா?

1974-ஆம் ஆண்டு மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில் முதல் கிணற்றைத் தோண்டிய ‘சாகர் சாம்ராட்’, கால் ஊன்றித் தானே உயரும் ஜாக்-அப் வகைத் துளையிடும் மேடையாகும். இவ்வகை மேடை, கால்களை மேலே தூக்கிவைத்தபடி கடலில் இழுத்துவரப்படுகிறது. இடம் சேர்ந்ததும் பற்சக்கரங்கள் கால்களைக் கடலடிக்கு இறக்க, மேடை நீரைவிட்டு மேலெழுகிறது. முழு உயரத்துக்கு ஏற்றுமுன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, அந்த எடையால் கால்களை மண்ணில் அழுத்திப் பார்ப்பார்கள். மிகவும் கவனம் தேவைப்படும் கட்டம் இதுவே என்பது என் கருத்து. ஏனெனில் கெட்டியான மேலடுக்குக்கு அடியில் இளகிய களிமண் இருந்தால், ஒரு கால் திடீரெனப் பொத்துக்கொண்டு இறங்கி, மேடையே சாய்ந்துவிடக்கூடும்.

பாதி மூழ்கி மிதக்கும் மேடைக்கு இந்த அச்சமில்லை. அது தன் அடிமிதவைகளில் நீரேற்றித் தாழ்ந்து, நங்கூரங்களாலோ கணினி இயக்கும் உந்துவிசிறிகளாலோ இடம்பெயராமல் நிற்கிறது. ஆனால் அலையோடு அசைவதால், எண்ணெய் பீறிடுவதைத் தடுக்கும் வால்வுத் தொகுதியைப் பெரும்பாலும் கடலடியிலேயே பொருத்த வேண்டியிருக்கிறது. ஜாக்-அப்பில் அது நீர்மட்டத்துக்கு மேலேயே இருப்பதால் பராமரிப்பு எளிது.

சுமார் 120 மீட்டர் கடலாழம்வரை ஜாக்-அப்பையே தேர்ந்தெடுப்பேன். கடலில் காற்றாலைகளை நிறுவும் கப்பல்கள் பலவும் இப்படித்தான் கால் ஊன்றுகின்றன. 1,000 மீட்டரைத் தாண்டும் ஆழத்திலோ மிதந்துகொண்டுதான் துளையிட முடியும்.