ஒற்றைச் சுவர் தொட்டியா, இரட்டைச் சுவர் தொட்டியா?

கலிஃபோர்னியாவின் மோடோக் போன்ற கிராமப்புறக் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), பெட்ரோல் பங்கின் அடியில் எந்தத் தொட்டி இருக்கிறது என்பது அக்கம்பக்கத்துக் கிணற்று நீரின் பிரச்சினை.

ஒற்றைச் சுவர் தொட்டி ஓட்டையானால் பெட்ரோல் நேராக மண்ணில் இறங்கும். பழைய முறையில் இதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இருப்புக் கணக்குதான்: தினமும் அளவுகோல் விட்டுப் பார்த்து, விற்பனையோடு ஒப்பிட்டு எழுதுவது. அமெரிக்க மத்திய விதிப்படி, மாத விற்பனையில் 1 சதவீதமும் அதற்கு மேல் 130 கேலனும் வரை கணக்கு உதைத்தாலும் அது கசிவுச் சந்தேகம் ஆகாது. 130 கேலன் என்றால் சுமார் 490 லிட்டர்! பெட்ரோலில் இருக்கும் நச்சுப் பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் அங்கே அனுமதி 100 கோடியில் 5 பங்குதான்.

இரட்டைச் சுவரில் உள்சுவர் ஓட்டையானாலும் பெட்ரோல் இரு சுவர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேயே தங்கும். சென்சார் எச்சரிக்கும், பதிவும் ஏறிவிடும். சென்சாரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், செலவும் கூடுதல். ஊருக்கு ஒரே பங்க் என்றால் அந்தச் செலவு நிஜமான பாரம். ஆனாலும் என் தேர்வு இதுதான்.

ஒற்றைச் சுவர் தொட்டிகளை 2025 டிசம்பர் 31-க்குள் மூடச் சொன்னது கலிஃபோர்னியா. சரியான முடிவு. அப்புறம், அங்கே இடம் வாங்குபவர்கள் மாநில நீர்வாரியத்தின் ஜியோட்ராக்கர் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பழைய கசிவுகளைப் பார்த்துவிடுங்கள்.