ஒப்பீட்டுச் சட்டம்: இணைய வகுப்பு எப்படி?

தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும், நீரில் மூழ்கும் அந்நியரைக் கண்டுகொள்ளாமல் ஒருவர் நடையைக் கட்டினால் குற்றமா? இந்தப் பாடத்துக்கே கட்டணம் தகும். பிரான்சில் தண்டனைச் சட்டம் 223-6ஆம் பிரிவின்படி 5 ஆண்டு சிறை, 75,000 யூரோ அபராதம் வரை போகலாம். ஜெர்மனியில் 323சி பிரிவு, அதிகபட்சம் 1 ஆண்டுதான். இங்கிலாந்திலோ பெற்றோர், பாதுகாவலர் போன்ற பொறுப்பு இல்லாதவருக்குக் காப்பாற்றும் கடமையே கிடையாது. மூன்றையும் ஒரே சம்பவத்தின் மேல் வைத்து ஆசிரியர் அலசுகிறார், அருமை!

ஒப்பந்தப் பகுதி சும்மா ஓட்டம். இங்கிலாந்து வற்புறுத்தும் மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தருவது) ஜெர்மனிக்கு ஏன் வேண்டியதில்லை என்று சொல்லவேயில்லை. தேர்விலும் பிரிவு எண்களைத்தான் கேட்கிறார்கள், எதற்கோ! சட்டம் படிக்காதவர்களும் தாராளமாகச் சேரலாம். ஒப்பந்தத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பாருங்கள்.