ஆகஸ்ட் வெயிலில் வெறுங்காலோடு நிற்க ஒரு டெக்

அத்தை செருப்புப் போட்டுக்கொண்டு டெக்கில் நடக்க மாட்டார். "அதுவும் வீடுதானே, வீட்டுக்குள்ள யாராவது செருப்புப் போடுவாகளா?" என்பார். 74 வயது. தேவகோட்டை வீட்டில் திண்ணையும் முற்றமுமாக வெறுங்காலோடு வாழ்ந்தவர். நானும் என் கணவரும் பிள்ளைகளும் அப்படித்தான். அமெரிக்காவில், டெக்சஸின் ஆஸ்டினுக்கு வடமேற்கே லியாண்டரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூன்று மட்டமாக டெக் கட்டி ஒரு முழுக் கோடை போய்விட்டது. கட்டிக்கொடுத்தவரைப் பற்றியும், அவர் போட்ட பலகை எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் இப்போதுதான் நம்பிக்கையோடு எழுத முடிகிறது. கோடை பார்க்காத டெக்கைப் பற்றி இந்த ஊரில் எழுதிப் பயனில்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்வாசல் மட்டத்துக்கு மரச்சட்டம் எழுப்பி, அதன்மேல் பலகை பாவிய திறந்த தளத்தைத்தான் இங்கே டெக் என்கிறார்கள். எங்கள் நிலம் மேற்கே சரிகிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் தரை 52 அங்குலம் கீழே இருக்கும். ஒரே மட்டமாகக் கட்டினால் பரண்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால்தான் மூன்று மட்டம்.

2007-இல் போட்ட பழைய டெக் ஒன்று இருந்தது. மருந்தேற்றிய பைன் மரம். வீட்டுச் சுவரோடு அதைப் பிணைக்கும் சட்டத்தை, லெட்ஜர் என்பார்கள், வெறும் ஆணியால் அடித்திருந்தார்கள். மேலே தண்ணீர் வடிய ஒரு தகடுகூட மடித்துச் செருகவில்லை. மழைநீர் சட்டத்துக்குப் பின்னால் இறங்கி மரம் ஊறிப்போயிருந்தது. ஆணிகளும் துருப்பிடித்து மெலிந்திருந்தன. ஆர்செனிக் கலந்த பழைய மர மருந்து 2003 முடிவோடு வீட்டு வேலைகளுக்கு நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த மருந்துகளில் செம்பு அதிகம், அது சாதாரண இரும்பை அரித்துவிடும். இந்த விவரமெல்லாம் புது ஆள் பழைய சட்டத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பத்துப் பேர் நின்று பிறந்தநாள் கொண்டாடிய இடம் அது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதலாமவர் டேப்லெட்டில் அழகான படம் காட்டினார், மண்ணைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாமவர் விலை குறைவு, ஆனால் நகராட்சி அனுமதி வாங்க வேண்டாம் என்றார். அதோடு அவரை விட்டுவிட்டோம். மூன்றாமவர் போனிலேயே, "சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறேன், உங்கள் பின்கட்டின் மோசமான நேரத்தை நான் பார்க்க வேண்டும்" என்றார். 2024 ஆகஸ்ட். வந்து பேசாமல் அரைமணி நேரம் மேற்கே பார்த்து நின்றார். தம்பியோடும் மூன்று ஆட்களோடும் வேலை செய்கிறவர். விளம்பரம் செய்துகொள்வதில்லை, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. அத்தை அவரை முதல் நாளே "ஆசாரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நாங்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள் என்று சொன்னதும், அவர் வண்டியிலிருந்து ஐந்து வகைப் பலகைத் துண்டுகளை எடுத்துப் புல்லில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கிடக்கட்டும், தினமும் நாலு மணிக்குக் காலை வைத்துப் பாருங்கள் என்றார். நான் வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கி அளந்தேன். இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு, 100 என்றால் ஏறக்குறைய 38 செல்சியஸ். காற்று 101 டிகிரி இருந்த ஒரு நாள் குறித்துவைத்தது இது: கரும்பழுப்புக் காம்போசிட் 158, அதாவது செல்சியஸில் 70. வெளிர்சாம்பல் காம்போசிட் 137. மணல்நிற பி.வி.சி. பலகை 132. சூட்டில் பதப்படுத்திய ஆஷ் மரம் 134. புது பைன் 127.

காம்போசிட் என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது. கறையான் தொடாது, வர்ணம் அடிக்க வேண்டாம், விற்பவர்கள் அனைவரும் அதைத்தான் முன்னே நீட்டுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை அத்தையின் கால் சொல்லிக்கொடுத்தது. வெளிர்சாம்பல் காம்போசிட்டுக்கும் ஆஷ் மரத்துக்கும் மூன்றே டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஆஷ் பலகையில் பத்து எண்ணும்வரை நின்றார். காம்போசிட்டில் நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். மரம் தன் சூட்டை மெல்லத்தான் காலுக்குக் கடத்தும். கரும்பழுப்பில் வைத்த காலை வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். கடையில் குளிர்சாதன அறையில் கையால் தடவிப் பார்த்து நான் ஆசைப்பட்டது அந்தக் கரும்பழுப்பைத்தான். அந்த ஒரு வாரம் எங்களைக் காப்பாற்றியது.

முடிவாக, கூரை போட்ட மேல்மட்டத்துக்கு வெளிர்சாம்பல் காம்போசிட். வெயில் நேரே விழும் நடுமட்டத்துக்கு ஆஷ். லைவ் ஓக் மரத்தைச் சுற்றி வரும் கீழ்மட்டத்துக்கு, நிழலும் ஈரமும் இலைக் குப்பையும் இருப்பதால், மறுபடி காம்போசிட்.

வேலை நவம்பரில்தான் தொடங்கியது. ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் குழு நிறத்துக்கு ஒப்புதல் தரவே மூன்று வாரம். தோண்டுவதற்கு இரண்டு வேலை நாளுக்கு முன்பே நிலத்தடிக் குழாய், கம்பிகளை அடையாளம் காட்டும் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தகவல் சொன்னார். ஆட்கள் வந்து எரிவாயுக் குழாய்க்கு மஞ்சளும் மின்கம்பிக்குச் சிவப்புமாகப் புல்லில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள், இலவசம். எங்கள் பக்கம் மண் மெல்லிய போர்வைதான், கீழே சுண்ணாம்புப் பாறை. துளைக்கும் இயந்திரம் 14 அங்குலத்தில் துள்ள ஆரம்பித்தது. பாறையை உடைத்து டெக்கின் கால்களுக்குக் குழி எடுக்க மூன்று நாள் கூடுதலாக ஆனது. அதற்கு 900 டாலர் கேட்டார், ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்ததால் மனக்கசப்பு இல்லை. நெடுஞ்சாலை 35-க்குக் கிழக்கே பல இடங்களில் கரிசல் களிமண். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் மண் அது. அங்கே வீடு உள்ள சிநேகிதிக்கு டெக்கின் கால்களை நன்றாக ஆழமாக இறக்க வேண்டியிருந்தது. பாறை கிடைத்தது எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று ஆசாரி சொன்னார்.

ஓக் மரத்தருகே குழிகளைக் கையால்தான் தோண்டினார்கள். ஒரு இடத்தில் மணிக்கட்டுப் பருமனில் வேர் வந்தது. வெட்டாமல் குழியை ஒன்பது அங்குலம் தள்ளிவைத்தார். ஒரு சிறு வேர் மண்வெட்டியில் அறுபட்டபோது ஓடிப்போய் வர்ண டப்பா எடுத்துவந்து பூசினார். இந்தப் பகுதியில் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் மரங்களை வரிசையாகக் கொல்கிறது. வெட்டுக்காயத்தில் வந்து உட்காரும் சிறு வண்டுகள் அதைக் கொண்டுவரும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் கிளையை வெட்டவே கூடாது என்பார்கள், காயம் எந்த மாதம் பட்டாலும் உடனே வர்ணம் பூச வேண்டும். அந்த வர்ண டப்பாவுக்காகவே இவரைப் பத்துப் பேரிடம் சிபாரிசு செய்வேன்.

படிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே விதிப்படி ஒரு படி ஏழே முக்கால் அங்குலம்வரை உயரலாம். அத்தையின் முழங்காலைப் பார்த்துவிட்டு, ஆறரை போடலாம் என்றார். 52-ஐ ஆறரையால் வகுத்தால் சரியாக எட்டு. மேல்மட்டத்திலிருந்து நடுவுக்கு நாலு ஏற்றம், நடுவிலிருந்து கீழுக்கு மூன்று, கீழிருந்து தரைக்கு ஒன்று. எட்டும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம். இருட்டில் விளக்கில்லாமல் இறங்கினாலும் கால் தானாகக் கணக்குப் பார்த்துக்கொள்கிறது. மட்டங்களின் உயரத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுப் படியைப் பிறகு திணிக்கும் டெக்குகளில் கடைசிப் படி மட்டும் குட்டையாக நிற்கும், அங்கேதான் விழுவார்கள். நடுமட்டம் 26 அங்குல உயரம். 30 அங்குலத்துக்கு மேல் போனால்தான் சட்டப்படி கைப்பிடித் தடுப்பு கட்டாயம். கட்டாயமில்லை, ஆனால் வயதானவர் இருக்கும் வீட்டில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் கேட்டேன், போட்டார்.

அந்தக் கைப்பிடியில்தான் நான் செய்த தவறு. கறுப்பு அலுமினியம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மே மாதம் ஒரு மாலை அத்தை இறங்கும்போது பிடித்தவர் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். பிடிக்க முடியாத கைப்பிடி இருந்து என்ன பயன்? ஆசாரி மேலே சீடர் மரத்தில் ஒரு தொப்பிப் பலகை பொருத்திக்கொடுத்தார், 420 டாலர். பலகைக்கு அவ்வளவு யோசித்த நான் கைப்பிடிக்கும் அதே யோசனையைச் செலவழித்திருக்க வேண்டும்.

அவர் தரப்பில் நடந்த தவறும் உண்டு. டிசம்பர் குளிரில், காலை 40 டிகிரியில், மேல்மட்டப் பலகைகளைப் பாவினார்கள். காம்போசிட் குளிரில் சுருங்கும், சூட்டில் நீளும். 16 அடிப் பலகை கோடைக்கும் குளிருக்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேல் நீளக்கூடும். குளிரில் பாவும்போது அதற்கு இடம் விட வேண்டும். ஒரு ஓரத்தில் விடவில்லை. ஜூனில் பலகைகள் நீண்டு ஓரச் சட்டப்பலகையைத் தூக்கிவிட்டன. என் சின்ன மகன் அதில் விரல் இடித்து நகம் பெயர்ந்தது. இரண்டு முறை போன் செய்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபின் சாக்குச் சொல்லவில்லை. கழற்றி, முனைகளை அறுத்து, காசு வாங்காமல் சரிசெய்தார். அந்த மூன்று வாரத்துக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

நிழலுக்கு வருகிறேன். கூரை போட்டால் வெயில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மேற்குப் பார்த்த வீட்டில் ஆறு மணிச் சூரியன் கூரைக்குக் கீழே நுழைந்து நேராக முகத்தில் அடிக்கும். 2023-இல் ஆஸ்டினில் தொடர்ந்து 45 நாள் பகல் உச்ச வெப்பம் 100 டிகிரிக்குக் குறையவில்லை, அந்த மாலைகளில் பின்கதவையே நாங்கள் திறக்கவில்லை. ஆகஸ்டில் அரைமணி நேரம் நின்று பார்த்தவருக்கு அது தெரிந்திருந்தது. மேற்கு ஓரத்தில் சீடர் சட்டங்களை இரண்டு அங்குல இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தி ஒரு திரை கட்டினார். காற்று வரும், வெயில் கீற்றாகத்தான் வரும். அதில் கிராஸ்வைன் கொடி ஏற்றியிருக்கிறோம், பாதி ஏறிவிட்டது. மாடி ஜன்னலின் லோ-ஈ கண்ணாடி, அதாவது வெப்பத்தைத் திருப்பிவிடும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி, எங்கே வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்றும் பார்த்தார். அந்தக் குவிந்த ஒளி காம்போசிட்டையே இளக்கிவிடுமாம். எங்கள் வீட்டில் அது விழும் இடம் ஆஷ் பலகையாக அமைந்தது.

ஆஷ் இப்போது வெயிலில் பழுத்து சாம்பல் நிறமாகி வருகிறது. எண்ணெய் பூசினால் பழைய நிறம் நிற்கும், எங்களுக்கு இதுவே பிடித்திருக்கிறது. மெல்லிய கீறல்கள் விட்டிருக்கின்றன, சிலாம்பு ஏறவில்லை. கீழ்மட்டத்தில் மார்ச் மாதம் ஓக் மரம் இலையும் பூந்துணுக்குமாகக் கொட்டிப் பலகை இடுக்கை அடைத்துவிட்டது, ஒரு பழைய கத்தியால் கீறி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. கூரை விளிம்பில் குளவி கூடு கட்டுகிறது, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மீன் வறுக்க மேல்மட்டத்தில் ஓர் அடுப்பு வைத்திருக்கிறோம். காம்போசிட்மேல் சூடான எண்ணெய் சிந்தக் கூடாது என்பதால் கீழே தீத்தாங்கும் விரிப்பு.

மொத்தம் 508 சதுர அடி. டெக்குக்கு 37,000 டாலர், கூரைக்கும் திரைக்கும் தனியாக 13,500. பாறைக் காசும் தொப்பிப் பலகையும் இதற்குமேல். மலிவில்லை. விலை கேட்ட மூவரில் இவர்தான் அதிகம்.

வெறுங்காலோடு நிற்க முடிகிறதா என்று கேட்டால், மேல்மட்டத்தில் நாள் முழுவதும் முடியும். கீழ்மட்டத்திலும் முடியும். நடுமட்டத்தில் ஆகஸ்ட் நாலு மணிக்கு முடியாது, எந்தப் பலகையாலும் அது முடியாது. ஓக் நிழல் ஆறே முக்காலுக்கு அங்கே வந்து சேரும். அதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை ஒரு வாளித் தண்ணீரோடு போய்க் கையால் அள்ளி இறைப்பார், ஊரில் மொட்டை மாடியில் படுக்கப் போகுமுன் செய்வது போலவே. ஒருநாள் அளந்தேன். 129-இல் இருந்த பலகை பத்து நிமிடத்தில் 98-க்கு வந்தது. துப்பாக்கியை அவரிடம் காட்டினேன். பார்க்கவே இல்லை, அதற்குள் முதல் படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.