சீட்டில் எழுதியது ஒன்று, மெடிக்கலில் கொடுத்தது வேறு

மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்பாவுக்கு அப்படி மாற்றிக் கொடுத்ததால், நடுராத்திரியில் அவரைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம்.

அவருக்குச் சிறுநீர்த் தொற்று. பல வருடமாகச் சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர். டாக்டர் அதையெல்லாம் விசாரித்துத்தான் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினார். கடையில் அது இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அப்பா அடுத்த கடைக்குப் போயிருப்பார். கல்லாவில் இருந்த பையனோ, "அதேதான் ஐயா, கம்பெனி மட்டும் வேற. இது இன்னும் பவர்" என்று லெவோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கை வெட்டிக் கவரில் போட்டுவிட்டான். கம்பெனி இல்லை, மருந்தே வேறு. பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு லெவோஃப்ளாக்சசின் சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். வயதானவர்களுக்கு இன்னும் அபாயம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளின் எச்சரிக்கையைக் கடுமையாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 48. விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், கொஞ்சம் தெளிந்தார். ஆனாலும் கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்யும், மறுபடி இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்.

கடையில் போய்க் கேட்டால், "எங்க கடையில வாங்கினதுக்கு பில் இருக்கா?" பில் கொடுத்தால்தானே இருக்கும்! அட்டையையும் பேட்ச் எண், காலாவதித் தேதி இருந்த பக்கம் விட்டுவிட்டு வெட்டியிருந்தார்கள். நல்லவேளை, அப்பா ஜிபேயில் பணம் கட்டியிருந்தார்.

செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் இரண்டுமே ஷெட்யூல் எச்1 என்ற, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் வருபவை. 2014 மார்ச் முதல் இவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதிய மருந்துக்குப் பதில் வேறு மருந்தைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. அந்தக் கடையில் பதிவேடு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

நீங்கள் வாங்கும்போது சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பெயரைப் பாருங்கள். பெரிதாக அச்சடித்திருப்பது பிராண்ட் பெயர், பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. வெட்டித்தான் தருவார்கள் என்றால் தேதி இருக்கிற பக்கத்தைக் கேளுங்கள். மாற்று மருந்து என்றால் கடையில் நின்றபடியே டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பென்சிலின் அலர்ஜி இதில் எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்புறம், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.

வெட்டிய அட்டை, சீட்டு, ஜிபே ரசீது மூன்றையும் இணைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.