அப்பாவின் வேகன்-ஆரும் மூன்று புக்கிங்குகளும்

இந்த ஜனவரியில் ஊருக்குக் கிளம்பும்போதே ஒரு வேலையை மனதில் போட்டு வைத்திருந்தேன். திருச்சி உறையூரில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஏழு மாதமாக நிற்கும் அப்பாவின் காரை மறுபடி ஓட வைக்க வேண்டும். 2014 மாடல் வேகன்-ஆர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அதை எடுக்கவேயில்லை. கண் சரியாகி டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும், "ஆட்டோதான் வாசல்லயே கிடைக்குதே" என்று சமாளித்துக்கொண்டிருந்தார். பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்பதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் போனில் சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது என்றால் இவர்கள் எதில் போவார்கள் என்ற கவலை எனக்கு.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். அங்கே கார் சர்வீஸ் என்றால் பழகிப்போன வேலை. இணையத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் பக்கத்து கேரேஜ்கள் விலையோடு வரிசையாக வரும், நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும். மூன்று வருடம் ஆன கார்களுக்கு வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை, கட்டாயம். அதற்குக் கட்டணம் 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. எந்த வண்டியின் எண்ணைப் போட்டாலும் அது எந்த வருடம் எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்தக் குறைக்காகத் தேறவில்லை என்ற விவரம் அரசாங்க இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் புக் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். புக்கிங் படிவம் பத்து இலக்க போன் எண்தான் கேட்டது. என் இங்கிலாந்து எண்ணைப் போட வழியில்லை. சரி என்று அப்பாவின் எண்ணைக் கொடுத்தேன். ஓ.டி.பி. அவருக்குப் போனது. உடனே கூப்பிட்டு, "அப்பா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றேன். "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றார். மூன்று வருடமாக நான் படித்துப் படித்துச் சொன்னதை அவர் அப்படியே கடைப்பிடிக்கிறார். நான் வீடியோ காலில் வந்து முகத்தைக் காட்டிச் சொன்ன பிறகுதான் அந்த நான்கு எண்களைப் படித்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை அனுப்ப வைத்து முடித்தோம்.

கூடவே இன்னொரு வேலையும் செய்துவிட்டேன், அதைச் செய்திருக்கக் கூடாது. விலை ஒப்பிடலாமே என்று தொழில் முகவரிகள் தரும் ஒரு தளத்தில் "கார் சர்வீஸ், திருச்சி" என்று விசாரணை போட்டேன். அதற்கும் அப்பாவின் எண்தான். அன்று மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து தூங்கி எழுவதற்குள் ஏழு போன். ஒருவர் கார் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம், இன்னொருவர் இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொன்னாராம். வெளிநாட்டிலிருந்து இப்படிப் பதிவு போடுகிறவர்கள் முதலில் தங்களுக்கென்று ஓர் இந்திய எண் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் எண்ணை விசாரணைப் பெட்டியில் போடாதீர்கள்.

கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டேன். பொங்கல் வாரம், பத்து நாள் கழித்துத்தான் இடம் என்றார்கள். எனக்கோ மொத்தமே மூன்று வாரம் லீவு, குலதெய்வம் கோயிலுக்குக் கும்பகோணம் பக்கம் போயாக வேண்டும். அதனால் பல கேரேஜ்களைச் சேர்த்து வைத்து, வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போகும் ஒரு செயலியில் புக் செய்தேன். பேக்கேஜ் ரூ.3,299. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் மாற்றுவது, பிரேக் சுத்தம் செய்வது, கூலண்ட் ஊற்றுவது, வாட்டர் வாஷ்.

நான் போய் இறங்கிய மறுநாள் காலை சொன்ன நேரத்துக்குப் பையன் வந்தான். நல்ல மரியாதையான பையன். வண்டியைச் சுற்றிப் பன்னிரண்டு போட்டோ எடுத்தான், இருக்கிற கீறல்களை எங்களுக்கும் காட்டிக் குறித்துக்கொண்டான். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இல்லை என்பதைப் பதிவு செய்யும்போதே "கூடுதல் குறிப்பு" பெட்டியில் எழுதியிருந்தேன். அது அவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை, ஜம்பர் கேபிளும் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

அன்று மதியம் செய்த இரண்டாவது புக்கிங்தான் இந்தப் பயணத்திலேயே நிறைவாக நடந்தது. ஒரு பேட்டரி கம்பெனியின் இணையதளத்தில் கார் மாடலைப் போட்டேன், பொருந்தும் பேட்டரிகளை மட்டும் காட்டியது. பழைய பேட்டரியைக் கொடுத்தால் எவ்வளவு கழிவு என்பதும் அங்கேயே இருந்தது. மூன்று மணி நேரத்தில் உள்ளூர் டீலர் ஆள் டூ-வீலரில் கொண்டுவந்துவிட்டார். டெர்மினலில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாஸ்லைன் தடவி, புதியதை மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஏழு மாதத்துக்குப் பிறகு இன்ஜின் சத்தம் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். சீரியல் எண்ணையும் அப்பாவின் எண்ணையும் வாரண்டியில் பதிந்துவிட்டு, பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார். சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

மறுநாள் அதே பையன் வந்து வண்டியை எடுத்துப் போனான். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, வண்டி எந்த கேரேஜுக்குப் போகிறது என்றே நான் கேட்கவில்லை. செயலியில் "பார்ட்னர் ஒர்க்‌ஷாப்" என்று மட்டும் இருந்தது. பதினொரு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டு எஸ்டிமேட் சொன்னார். திராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், வண்டிக்கு அடியில் கோட்டிங் என்று எல்லாம் சேர்த்து ரூ.9,000-ஐத் தாண்டியது. "இது எதனால் தேவை, எந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக்கிடம் பேசலாமா என்றேன். அதற்கு வசதி இல்லை என்றார். பேக்கேஜில் உள்ளதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வண்டி பளபளவென்று வந்தது. அப்பாவின் யு.பி.ஐ.-யில் பணம் கட்டினோம். பில்லில் எல்லாம் வரிசையாக இருந்தன: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் 1. கழற்றிய பழைய பொருள்களைக் கேட்டேன். "அங்கேயே போட்டுடுவாங்க மேடம்" என்றான் பையன்.

தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டியதுமே வித்தியாசம் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி தயங்கித் தயங்கி எடுத்தது. ஏ.சி. போட்டால் இன்னும் மோசம். அப்பா, "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை" என்றார். 2025-இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு, பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கும்பகோணம் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினோம். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த முறை கூகுள் மேப்ஸில் விமர்சனங்களைப் பொறுமையாகப் படித்தேன். 4.8 நட்சத்திரம் வாங்கிய ஒரு கேரேஜில் முன்னூறு விமர்சனங்கள், ஆனால் பெரும்பாலானவை ஒரே இரண்டு மாதத்துக்குள் போட்டவை, "நல்ல சேவை" என்ற இரண்டே சொற்கள். வயலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த இன்னொன்றுக்கு 4.3 தான். எழுபது விமர்சனங்கள், ஆறு வருடத்தில் வந்தவை. எந்தக் கார், என்ன கோளாறு, எவ்வளவு ஆனது என்று ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் இரண்டு நாள் தாமதம் என்று திட்டியிருந்தார். அதற்குக் கீழே, "ஸ்பேர் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது, முன்பே சொல்லாதது என் தப்பு" என்று பதில் இருந்தது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் எழுதினேன். "காலைல ஒன்பதரைக்கு வாங்க, சாரையும் கூட்டிட்டு வாங்க" என்று குரல் பதிவு வந்தது. என்னுடைய மூன்றாவது புக்கிங் அவ்வளவுதான்.

தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நிற்கும் இடம். கேரேஜ் நடத்தும் மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அப்பாவுக்கு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்து வேஸ்ட் துணியில் துடைத்துப் பார்த்தார். தேன் நிறத்தில் இருந்தது. "ஆயில் மாத்தியிருக்காங்க, புதுசுதான்" என்றார். பிறகு ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளைத் தளர்த்தி மூடியைத் தூக்கினார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல், "சார், இங்க வந்து பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

ஃபில்டர் காகிதத்தின் மடிப்புக்கு மடிப்பு வேப்பங்கொட்டை. ஒரு மூலையில் தேங்காய் நாரும், பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சும் சேர்த்து உருட்டி வைத்த கூடு. அந்த மூலையில் காகிதம் கொறிக்கப்பட்டு ஓட்டை. மீதி எல்லாம் கறுத்துப்போய் இருந்தது. எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. பில்லில் புதிதாக மாட்டியதாக எழுதிய ஃபில்டர் இது. அந்த மூடியை யாருமே திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கூட்டை மறுபடி உள்ளே வைத்து மூட எந்த மெக்கானிக்குக்கும் மனசு வராது. "எத்தனால் இருக்கட்டும் சார், முதல்ல இது மூச்சு விடட்டும்" என்றார் அண்ணன்.

அதோடு விடவில்லை. ஒயரிங்கில் எலி கடித்த இடம் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் மேலுறை மட்டும் போயிருந்தது, டேப் சுற்றினார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களைக் காட்டினார். 2219, அதாவது 2019-இன் 22-வது வாரம் செய்த டயர். "பட்டன் தேயவே இல்ல, அதான் நீங்க நல்லா இருக்குன்னு நினைக்கிறீங்க. இங்க பாருங்க" என்று ரப்பரை விரலால் அமுக்கினார். முடி மாதிரி வெடிப்புகள் விரிந்தன. இந்த டயரில்தான் நேற்று அம்மாவை உட்கார வைத்துக் கும்பகோணம் போய் வந்திருக்கிறோம். பிரேக் ஆயிலும் மாற்றி எத்தனை வருடமோ என்று அதையும் மாற்றினார். கழற்றியவை எல்லாவற்றையும் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் போட்டு, கேட்காமலேயே கொடுத்தார். டயர் மட்டும் அப்பா வேறு கடையில் வாங்கினார்.

புகைச் சான்று நவம்பரிலேயே முடிந்துவிட்டதையும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்தோம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் காலக்கெடுவும் தெரிகிறது. ஆர்.சி. 2029 வரை இருக்கிறது, கவலையில்லை. புகைச் சான்று இல்லாமல் மாட்டினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகும். பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே எடுத்துவிட்டோம்.

செயலிக்காரர்களிடம் ஃபில்டர் படத்தோடு புகார் கொடுத்தேன். முதலில் இரண்டு நாள் வெறும் மன்னிப்பு. பிறகு "கவனக்குறைவு" என்று ஒத்துக்கொண்டு, எட்டாவது நாள் ஃபில்டர் காசு ரூ.420-ஐ அப்பாவின் கணக்கில் போட்டார்கள். காசு வந்தது சரி. ஆனால் நான் கேட்டது வேறு: அந்த வண்டியில் கை வைத்தது யார், அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா? அதற்குக் கடைசி வரை பதில் வரவில்லை. நான் மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிடுவேன். அப்பாவுக்கு நாளைக்கு வண்டி நின்றுபோனால் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். செயலியில் அந்த ஆள் இல்லை.

லெஸ்டரில் அரசாங்கம் இணையத்தில் வைத்திருக்கும் குறிப்பை இங்கே அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தார். தேதி, 48,412 கி.மீ., மாற்றியவை, அடுத்து எப்போது வர வேண்டும். அப்பாவிடம் கொடுத்து, "சார், சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாதீங்க. வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரமாவது ஓட்டுங்க. மரத்தடில நிறுத்தாதீங்க" என்றார். அப்பா தலையாட்டினார்.

கிளம்பும் நாள் ஏர்போர்ட்டுக்கு அப்பாதான் ஓட்டி வந்தார். இப்போது ஞாயிறுதோறும் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், வேறு ஒன்றும் எழுதுவதில்லை. போன ஞாயிறு 48,655.