காதைப் பொத்தியா, சுளகோடா? முரலுவதில் எனக்குத் தோதாக வந்தது

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் பாடும் மீனை எப்படிக் கேட்பார்கள் என்று தெரியும்தானே? துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் மேல் நுனியில் காதை ஒட்டுவார்கள். காற்றில் எட்டாத ஒலி மரம் வழியாக வந்துவிடும். காதை விரலால் பொத்திக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முரலும்போதும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. தொண்டையின் அதிர்வு மண்டையோட்டு எலும்பு வழியே காதுக்குள் வருகிறது. வாசல் அடைத்திருப்பதால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. பிரமரி என்று யோகக்காரர் சொல்லும் மூச்சுப்பயிற்சி இது. பிரமரம் என்றால் வண்டு.

தூக்கம் கெட்டுப்போன ஒரு காலத்தில் நான் நான்கு வழிகளையும் மாறி மாறிச் செய்து பார்த்தேன்: பிரமரி, ஓம், சத்தமில்லாமல் மூச்சை எண்ணுவது, வேலை செய்துகொண்டே சும்மா முரலுவது.

மூச்சை எண்ணுவதை முதலில் தள்ளிவிடுகிறேன். நல்ல வழிதான், ஆனால் எனக்கு ஏழாவது எண்ணிக்கையிலேயே கடன் கணக்கு வந்துவிடும். முரலும்போது அப்படி இல்லை. சத்தம் நின்றால் மனம் எங்கோ போய்விட்டது என்று காதே சொல்லிவிடும்.

ஓம் சொல்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. அதன் கடைசி மகரத்தை இழுத்தால் அதுவும் முரலல்தான். ஆனால் காத்தான்குடியில் இருக்கும் என் முஸ்லிம் கூட்டாளிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோதுதான் யோசித்தேன். வாயை மூடிய ‘ம்ம்ம்’ எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லை. அவன் இன்றும் அதைத்தான் செய்கிறான்.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

இரண்டுக்கும் பொதுவான பலன் வெளிமூச்சு நீள்வது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். நான்கு விநாடி இழுத்து எட்டு விநாடி முரன்றால் அது ஐந்தாகிவிடும். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், இழுக்கும்போது விரையும். ஆகவே விடும் நேரத்தை நீட்டினால் உடம்பு அமைதிப் பக்கம் சாய்கிறது. இதற்கு விசேட சுருதி எதுவும் தேவையில்லை. குறிப்பிட்ட அதிர்வெண் குணமாக்கும் என்று காசுக்கு விற்கும் ஒலிப்பதிவுகளை நான் நம்புவதில்லை.

இன்னொன்று மூக்கின் சங்கதி. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த வெயிட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் என்ற இருவர் 2002-இல் அளந்து பார்த்தார்கள். அமைதியாக மூச்சு விடுவதைவிட முரலும்போது மூக்கிலிருந்து வரும் நைத்திரிக் ஒட்சைட்டு சுமார் 15 மடங்காக இருந்தது. முகத்தின் எலும்புக்குள் உள்ள சைனஸ் அறைகளில் இந்த வாயு தேங்கியிருக்கிறது. அதிர்வு அங்குள்ள காற்றைக் குலுக்கி வெளியே தள்ளுகிறது. விடாமல் முரன்றால் அளவு இறங்கிவிடும், சில நிமிடம் விட்டுத் தொடங்கினால் மறுபடி ஏறும். அறையின் வாசலே அடைபட்டவர்களுக்கு இந்த ஏற்றம் வராது. இதை வைத்துக்கொண்டு சைனஸ் நோய் குணமாகும் என்று சொல்ல முடியாது. வேளாண்மை வெட்டுக் காலத்துத் தூசியில் முகம் கனத்து, காய்ச்சலும் சேர்ந்தால் டொக்டரிடம் போவதுதான் சரி. காதில் சீழ் இருப்பவர்கள் விரலை வைத்து அமுக்கவும் வேண்டாம்.

சரி, எது மேல்? இரவுக்குப் பிரமரி. கச்சான் காற்றில் புழுங்கும் இரவில், மின்விசிறியும் நாயும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் ஒன்றாகக் கத்தும்போது, காதைப் பொத்தியதுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஏழெட்டு மூச்சு போதும். குறை என்னவென்றால், இரண்டு கையும் முடங்கிப்போகும், தனியிடமும் வேண்டும். கல்முனை பஸ்ஸில் விரலைக் காதில் வைத்து முரன்றால் பக்கத்தில் இருப்பவர் இடம் மாறுவார். இரண்டு மாதத்தில் நான் அதை விட்ட நாட்கள்தான் அதிகம்.

பகலுக்குச் சும்மா முரலல். பிரமரியின் ஆழம் அதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விட்டு விட்டு வருவதால் மூக்குக் கணக்குக்கு அதுதான் தோது. ‘இன்று செய்யவில்லையே’ என்ற குற்ற உணர்வும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன், காரணம் அம்மம்மா.

சுளகில் அரிசி புடைக்கும்போது அவர் முரலுவார். சுளகை ஏந்தும்போது மூச்சு உள்ளே போகும், அரிசி சரசரவென்று பலமுறை எழுந்து விழும் வரை ‘ம்ம்ம்’ வெளியே வரும். தவிட்டை ஊதித் தள்ள ஒரு நிறுத்தம். மறுபடி ‘ம்ம்ம்’. பக்கத்தில் குந்தியிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு முரலல் ஏழு விநாடிக்குக் குறையவில்லை. என்ன பாட்டு அது என்று கேட்டேன்.

“பாட்டா? நான் எங்க மனே பாடினன்?” என்றார், சுளகை நிறுத்தாமல்.