கோடையில் ஓமன்: மஸ்கட்டா, சலாலாவா?

ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஓமன் போகிறேன் என்றதும், "அந்த வெயிலிலா?" என்று எல்லோரும் கேட்டார்கள். தலைநகர் மஸ்கட்டுக்கு அந்தக் கேள்வி சரி. தெற்கே இருக்கும் சலாலாவுக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவே சாலையில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி கட்டினால் ஏதோ ஓர் ஊரில் திண்டாட வேண்டியிருக்கும்.

காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில், சலாலாவுக்குப் பின்னால் நிற்கும் தோஃபார் மலைகளில் அது மூடுபனியும் தூறலுமாக இறங்குகிறது. இந்தப் பருவத்துக்குக் கரீஃப் என்று பெயர். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்பது அவர்கள் கணக்கு. அப்போது அங்கே வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். மஸ்கட்டில் கோடை வெயில் 40ஐத் தாண்டும், கடலோரப் புழுக்கம் வேறு. இரவு பத்து மணிக்கு ஏசி அறையை விட்டு வெளியே வந்தால்கூட மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே வருபவர் தெரிய மாட்டார்.

அதனால் மஸ்கட்டில் நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை 8 மணிக்கே சுல்தான் கபூஸ் பெரிய மசூதியில் இருங்கள். 2001இல் திறந்த மசூதி. முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலை, மணிக்கட்டு, கணுக்கால் வரை மூட வேண்டும், ஆண்களுக்கு முழுக்கால்சட்டை. அம்மா போட்டிருந்த வழுக்கும் துப்பட்டா தலையில் நிற்கவே இல்லை. பெரிய தொழுகைக் கூடத்தின் 70 மீட்டர் நீளக் கம்பளத்தைப் பார்க்காமல் துப்பட்டாவைப் பிடிப்பதிலேயே அவர் பாதி நேரம் போனது. பருத்தித் துப்பட்டா ஒன்று, ஊக்கு இரண்டு, மறக்காதீர்கள். மதியம் அறையில் தூக்கம். கடைகளும் பல அப்போது மூடியிருக்கும். மத்ரா சந்தைக்கு மாலையில் போகலாம்.

சலாலாவில் இந்த நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வாதி தர்பாத் பள்ளத்தாக்கின் அருவிப் பக்கம் நண்பகலிலும் நடக்கலாம். ஆனால் ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் காயாது. மெல்லிய மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும்தான் அங்கே முக்கியம். மலைச்சாலையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் நிற்கும் ஒட்டகம் தெரியாது. ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் உள்ளூர் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். கரீஃப் காலத்தில் கடல் மூர்க்கமாக இருக்கும், காலை நனைக்கக்கூட இறங்க வேண்டாம். வளைகுடா முழுவதிலிருந்தும் கூட்டம் வருவதால் அறை வாடகையும் ஏறிவிடும். செலவு என்று பார்த்தால் கோடையில் மஸ்கட்டே மலிவு. ஆனாலும் பெரியவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால், நான் சலாலாவையே சொல்வேன். சாலையோரக் கடையில் வாழைத்தாருக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்தபோது, "நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்று அம்மா சொன்னார். மஸ்கட்டில் அவர் அறையை விட்டு வெளியே வரவே தயங்கினார்.

மரியாதை விஷயத்தில் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சலாலாவில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே குடும்பம் குடும்பமாகப் புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அருவியைப் படம் எடுக்கும்போது அந்தப் பெண்கள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாலார் கை நீட்டும்வரை நாமாகக் கை நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்து "அஸ்ஸலாமு அலைக்கும்" சொன்னால் போதும். பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்ற காப்பியும் கொடுத்தால் வலக்கையால் வாங்குங்கள். போதும் என்றால் சின்னக் கோப்பையை லேசாக அசைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல், குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசின் விற்கும் ஒரு கடையில் நான்கு முறை ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கோப்பையை அசைத்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

பணம்: ஒரு ரியாலுக்கு 1000 பைசா. ஒரு ரியால் இருநூறு இந்திய ரூபாய்க்கும் மேல், அதனால் "அரை ரியால்தானே" என்று அள்ளி விடாதீர்கள். மின்செருகி சதுரக் கால் மூன்று உள்ள வகை. அப்புறம், துபாயில் இறங்கிப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில், ஏப்ரல், மே மாதங்களில், சலாலாவும் காய்ந்துதான் கிடக்கும். பச்சையை நம்பிப் போய் ஏமாற வேண்டாம். காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசி, சரியாக இருக்கும். தூறல் நின்றிருக்கும், மலையில் பச்சை மிச்சமிருக்கும், கூட்டமும் ஊர் திரும்பியிருக்கும்.